அஞ்சு பொண்ணுங்க ஒருத்தி ஆன செஸ் கிளாஸ் - ஒன்றரை வருஷ ரிவ்யூ

"கூகுள்ல ஒரு ரிவ்யூ போடுங்க மேடம், அஞ்சு ஸ்டார் குடுத்தா நல்லா இருக்கும்"னு மாஸ்டர் ஆறு மாசமா கேட்டுட்டே இருந்தாரு, நானும் போடறேன் சார் போடறேன் சார்னு தள்ளிட்டே வந்து போன வாரம்தான் அங்க நாலு வரி போட்டேன். இங்க கொஞ்சம் விலாவாரியா எழுதறேன். கிளாஸ் பேரு போடல, ஏன்னா மாஸ்டர் நல்ல மனுஷன், நான் சொல்லப்போற குறை அவரு கிளாஸ்ல மட்டும் இருக்கறதும் இல்ல. வேளச்சேரி பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பொண்ணுக்கு பத்து வயசு, பையனுக்கு எட்டு. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல ஒரே பேட்ச்ல சேர்த்தோம். மாசம் ஒரு ஆளுக்கு 2,200 ரூபா, ரெண்டாவது பிள்ளைக்கு 300 குறைச்சுக்கிட்டாரு, வாரம் ரெண்டு கிளாஸ், ஒன்றரை மணி நேரம். இடம்னு பார்த்தா ஒரு வீட்டு மொட்டை மாடியில ஷீட் போட்ட ஷெட்டு, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் உள்ள அடுப்புதான், ரெண்டு ஃபேன் ஓடும், ஓடறது மட்டும்தான் தெரியும்.

சொல்லிக்குடுக்கறது பத்தி குறையே இல்ல, அத மொதல்ல சொல்லிடறேன். நெறைய கிளாஸ்ல பிள்ளைங்கள உக்கார வெச்சு ஆடுங்கன்னு விட்டுட்டு மாஸ்டர் ஃபோன் நோண்டிட்டு இருப்பாரு, இங்க அப்படி கிடையாது. டெமோ போர்டுல ஒரு பொசிஷன் வெப்பாரு, யாரும் கை தூக்கக் கூடாது, ரெண்டு நிமிஷம் சும்மா பாக்கணும், அப்புறம்தான் வாயத் திறக்கணும். மொத நாள்லேந்தே நோட்டேஷன், அதாவது ஒவ்வொரு நகர்த்தலையும் பேப்பர்ல குறிக்கறது, எழுத வெச்சாரு. எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா ஜெயிச்ச கேம எடுத்துட்டு வந்தா பார்க்கவே மாட்டாரு, "தோத்தது எங்க, அத எடு"ம்பாரு. என் பொண்ணு இப்ப தோத்த கேம் ஷீட்ட எல்லாம் தனியா ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்கா, ஃபைல் மேல "குப்பை"ன்னு எழுதி ஒரு ஸ்மைலி வேற. போன டிசம்பர்ல அவளுக்கு ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்துக்குப் போடற புள்ளி வந்துச்சு, 1450 சொச்சம். பையனுக்கு இன்னும் வரல, அவன் அவசரக்குடுக்கை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நாங்க சேரும்போது பேட்ச்ல 14 பேரு, அதுல 5 பொண்ணுங்க. இன்னிக்கு 13 பேரு இருக்காங்க, பொண்ணு ஒருத்திதான், அது என் பொண்ணு.

பையங்க விட்டுப் போகலையான்னா போனாங்க, கிரிக்கெட் கோச்சிங், அபாகஸ், அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர்னு நாலஞ்சு பேரு போனாங்க. ஆனா ஒரு பையன் போனா ரெண்டு பையன் வந்தான். பொண்ணு போன இடத்துக்கு பொண்ணு வரவே இல்ல. வெளிய பெஞ்சுல காத்திருக்கற அப்பாக்கள் கிட்ட இத ஒருநாள் சொன்னேன், ஒருத்தர் ரொம்ப சாதாரணமா "பொண்ணுங்களுக்கு இதுல இன்ட்ரஸ்ட் வராது மேடம், அவங்களுக்கு டான்ஸு டிராயிங்கு தான் ஓடும், இயற்கை அப்படி"ன்னாரு. அவரு மேல எனக்குக் கோவம் ஒன்னும் இல்ல, எங்க மாமனாரும் அதத்தான் சொல்வாரு. ஆனா அந்த நாலு பொண்ணுங்களும் ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அம்மாக்கள் வாட்ஸப் குரூப்ல நானும் இருக்கேன்.

மொத பொண்ணு, அவளுக்கு நெஜமாவே செஸ் புடிக்கல. போர் அடிக்குதுன்னு சொன்னா, கீபோர்டுக்குப் போயிட்டா, இப்ப சந்தோஷமா வாசிக்கறா. அத ஒத்துக்கறேன். ரெண்டாவது பொண்ணுக்கு சனிக்கிழமை பரதநாட்டியம் கிளாஷ் ஆச்சு, ரெண்டுல ஒன்னுதான்னு வீட்ல சொன்னப்ப அரங்கேற்றத்துக்கு பாட்டி ஏற்கனவே பணம் சேர்த்து வெச்சிருந்தாங்க, செஸ்ஸுக்கு எந்தப் பாட்டி சேர்ப்பாங்க. மூணாவது பொண்ணு போன ஜூன்ல கிளாஸ் டைம் ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிச்சு எட்டரைக்கு முடியறதுன்னு மாறினதும் நின்னுட்டா. அம்மா ஷிஃப்ட்ல வேலை, அப்பா வெளியூரு, ராத்திரி எட்டரைக்கு அந்த தெருவுல தனியா சைக்கிள்ல வர விட மாட்டாங்க. அதே தெருவுல அதே வயசுப் பையன் சைக்கிள்ல தனியாதான் வர்றான். நாலாவது பொண்ணு பன்னெண்டு வயசு, பேட்ச்லயே நல்லா ஆடறவ, வயசுக்கு வந்தா, சடங்கு முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு ஒரே ஒரு நாள் வந்தா. அப்புறம் வரல.

அந்த நாலாவது கதையில பெரிய வில்லன் யாரும் இல்ல, ஒரு பாத்ரூம்தான். மாடியில ஒரே ஒரு டாய்லெட், தாழ்ப்பாள் கிடையாது, உள்ள ஒரு பக்கெட்ட முட்டுக்குடுத்து கதவ சாத்தணும், பக்கெட்ல தண்ணி இருந்தாதான் நிக்கும். பையங்களுக்கு அது ஒரு ஜோக்கு. என் பொண்ணு கிளாஸ் நாள்ல சாயங்காலம் நாலு மணியிலேந்து தண்ணியே குடிக்காமப் போறான்னு எனக்கே எட்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, மே மாசம் அந்த ஷெட்டுல!

இன்ட்ரஸ்ட் இன்ட்ரஸ்ட்னு சொல்றோமே, ஒருத்திக்கு ஒரு விஷயத்துல ஆசை இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு முன்னாடி அவ அங்க ஒன்றரை மணி நேரம் நிம்மதியா உக்கார முடியுதான்னு பாக்கணும்ல. டோர்னமென்ட் கதை இன்னும் மோசம். ஞாயித்துக்கிழமை எங்கயோ ஒரு காலேஜ் ஹால்ல வெப்பாங்க, காலைல ஒன்பதுக்கு ஆரம்பிக்கும்னு சொல்லி யாரோட யாரு ஆடறதுன்னு பேரிங் போட பத்தரை ஆகும், ஏழு ரவுண்டு முடிய ராத்திரி ஏழு மணி. அப்பாக்கள் தரையில பேப்பர் விரிச்சு தூங்குவாங்க. அம்மாக்கள் லஞ்ச் பாக்ஸ், வீட்ல இருக்கற இன்னொரு பிள்ளை, திங்கக்கிழமை மாவு எல்லாத்தையும் தலையில சுமந்துட்டு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்பாங்க. ஒரு தடவை லேடீஸ் டாய்லெட்டுக்குப் பூட்டு போட்டிருந்தாங்க, சாவி வாட்ச்மேன் கிட்ட, வாட்ச்மேன் எங்கன்னு யாருக்கும் தெரியல. அஞ்சாவது ரவுண்டுல என் பொண்ணு ஜெயிக்க வேண்டிய எண்ட்கேம டிராவுக்கு ஒத்துக்கிட்டு ஓடி வந்தா. அந்த அரை பாயின்ட்டு போன காரணத்த எந்த ரேட்டிங் லிஸ்ட்லயும் எழுத மாட்டாங்க.

இப்ப கொஞ்சம் பெரிய கணக்கு. இந்தியாவுல கிராண்ட்மாஸ்டர், அதாவது செஸ்ஸுல ஒசந்த பட்டம் வாங்கினவங்க, 90 பேருக்கு மேல இருக்காங்க, அதுல பொண்ணுங்க நாலே பேரு. கோனேரு ஹம்பி 2002ல, ஹரிகா துரோணவல்லி 2011ல, அப்புறம் நம்ம வைஷாலி, 2025 ஜூலைல ஜார்ஜியா நாட்டு பாதுமில பெண்கள் உலகக் கோப்பை ஜெயிச்ச கையோட திவ்யா தேஷ்முக். தமிழ்நாட்டுல மட்டும் 30 கிராண்ட்மாஸ்டருக்கு மேல, அதுல பொண்ணு வைஷாலி ஒருத்திதான். உலகம் பூரா எடுத்தாலும் இதே கதைதான், ரெண்டாயிரம் பேருக்கு மேல இருக்கற எடத்துல பொண்ணுங்க அம்பதத் தொடல. இதப் பார்த்துட்டுதான் "மூளை அமைப்பே வேற"ன்னு கிளம்பிடறாங்க.

ஜெர்மனியில 2009ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அந்த நாட்டு செஸ் சங்கத்துல இருந்த ஒரு லட்சத்துக்கு மேலான ஆட்டக்காரங்க ரேட்டிங்க எடுத்துக்கிட்டு. அப்ப அங்க 16 ஆம்பளைக்கு ஒரு பொம்பளதான் ஆடினாங்க. ஆயிரம் பேரு இருக்கற கூட்டத்துல டாப் 10 எடுக்கறதும் அறுபது பேரு இருக்கற கூட்டத்துல டாப் 10 எடுக்கறதும் ஒன்னா, பெரிய கூட்டத்து உச்சி எப்பவும் உயரமாத்தான் இருக்கும். அந்தக் கணக்கப் போட்டுப் பார்த்தா டாப் 100 ஆம்பளைக்கும் டாப் 100 பொம்பளைக்கும் நடுவுல இருந்த வித்தியாசத்துல 96 சதவீதம் வெறும் தலை எண்ணிக்கையாலயே வந்துடுதுன்னு எழுதினாங்க. அப்புறம் அந்தக் கணக்கு போட்ட முறை சரியில்லன்னு வேற ஆளுங்க சண்டைக்கும் வந்தாங்க, அது நடந்துட்டே இருக்கு. எனக்கு அந்த 96 முக்கியம் இல்ல. 16க்கு 1, அதுதான் உறைச்சுது. எங்க மாடியில 12க்கு 1.

இன்னொன்னு, இத்தாலியில 2008ல பண்ணது. சம பலம் உள்ள ஒரு ஆணு ஒரு பொண்ணுன்னு 42 ஜோடிய நெட்ல ஆட விட்டாங்க. எதிர்ல ஆடறது யாருன்னு தெரியாதப்ப பொண்ணுங்க சரிசமமா ஆடினாங்க, எதிராளி பொண்ணுன்னு பொய் சொன்னாலும் சரிசமமா ஆடினாங்க, ஆம்பளன்னு தெரிஞ்சு "செஸ்ஸுல ஆம்பளைங்கதான் கெட்டி"ங்கறதையும் ஞாபகப்படுத்தினா அங்கதான் சறுக்கினாங்க. இத எங்க வீட்டுக்காரர் கிட்ட சொன்னப்ப அவரு உடனே 2018ல வந்த இன்னொன்ன எடுத்து நீட்டினாரு, உலக அளவுல அம்பது லட்சத்துக்கு மேல நடந்த ஆட்டங்களப் பார்த்தா ஆம்பளைங்களுக்கு எதிரா பொண்ணுங்க எதிர்பார்க்கறத விட நல்லாவே ஆடறாங்கன்னு வந்திருக்கு. ரெண்டும் எப்படி சரியா இருக்கும்னு அவரு கேட்டாரு. எனக்கு என்னவோ ரெண்டுமே சரியாத்தான் படுது. டோர்னமென்ட்ல அத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சு நிக்கற பொண்ணு ஏற்கனவே தாழ்ப்பாள், ராத்திரி எட்டரை, பாட்டி எல்லாத்தையும் ஜெயிச்சுட்டு வந்தவ, அவ எதிர்ல உக்கார்ற பையனுக்கா பயப்படப் போறா.

வைஷாலி கதையே பாருங்க. டிவியிலயே உக்காந்திருக்கான்னு அத நிறுத்தறதுக்காக அப்பா அம்மா செஸ்ஸுலயும் டிராயிங்லயும் சேர்த்து விட்டாங்க, அதப் பார்த்து போர்டு பக்கம் வந்த தம்பிதான் பிரக்ஞானந்தா. அக்கா 2012லயே உலக 12 வயசு பொண்ணுங்க பட்டம் ஜெயிச்சா, 2013ல உலக நம்பர் ஒன் கார்ல்சன் சென்னை வந்து ஒரே நேரத்துல நெறைய பேரோட ஆடினப்ப அவரயே தோக்கடிச்சா. ஆனா தம்பி 2018ல கிராண்ட்மாஸ்டர், அக்காவுக்கு 2023 கடைசி வரைக்கும் ஆச்சு. அவங்க வீட்ட நான் குறை சொல்லவே இல்ல, ரெண்டு பிள்ளைய இந்த அளவு கொண்டு வந்த வீடு அது, அம்மா ஊர் ஊரா கூடப் போய் சமைச்சுப் போட்டவங்க. ஒரே வீடு, ஒரே போர்டு, அப்பவும் இத்தன வருஷ இடைவெளின்னா வீட்டுக்கு வெளிய என்னென்ன இருக்குன்னு யோசிக்கத் தோணுது, அவ்ளோதான்.

எங்க வீட்டுக்கு வர்றேன், ஏன்னா ஊரச் சொல்லிட்டு வீட்ட விட்டா நியாயம் இல்ல. போர்டு வாங்கினதே பையனோட அஞ்சாவது பிறந்தநாளுக்கு. அதே வருஷம் பொண்ணு பிறந்தநாளுக்கு நாங்க வாங்கினது பாசிமணி கோக்கற செட்டு. அவளா கேட்டா? இல்ல, கடையில பொண்ணு வயசு என்னன்னு கேட்டாங்க, ஏழுன்னேன், எடுத்துக் குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன். எங்க மாமனாரு சாயங்காலம் ஆட ஆள் வேணும்னா "டேய் வாடா"ன்னுதான் கூப்பிடுவாரு, பேத்தி பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருப்பா, பாத்துப் பாத்தே கத்துக்கிட்டா. அவரு இன்னும் ராணிய மந்திரின்னுதான் சொல்வாரு, பழைய ஆட்டத்துல அது மந்திரிதானாம், மூலை வாட்டத்துல ஒரு கட்டம்தான் நகருமாம், சுமார் ஐந்நூறு வருஷம் முன்னாடி ஐரோப்பாவுலதான் அது இப்ப இருக்கற மாதிரி இஷ்டத்துக்கு ஓடற ராணி ஆச்சு. ஒருநாள் பேத்தி அவரு மந்திரிய வெட்டினப்ப "தாத்தா, உங்க ராணி காலி"ன்னா. மனுஷன் அரை மணி நேரம் பேசல.

ரெண்டு பிள்ளைங்களுக்கும் வித்தியாசமே இல்லன்னு சொல்ல மாட்டேன். பையன் ஃபோன்ல ஒரு நிமிஷ ஆட்டம் முப்பது ஆடுவான், ஜெயிச்சா டான்ஸு, தோத்தா தலகாணிக்கு அடி. இவ ஒரே ஒரு பஸிலப் புடிச்சுக்கிட்டு ஏன் குதிரை அங்க போகக்கூடாதுன்னு மூணு நாள் கேப்பா. இயற்கையோ என்னவோ. ஆனா எதிர் ஃப்ளாட்ல ஒரு பொண்ணு இருக்கா, அவ எங்க பையன விட மோசம், செஸ் கிளாக்க குத்தி உடைச்சே வெச்சிருக்கா. ஒரு வாதத்துக்கு பையங்கள்ல வேகப் பைத்தியம் கொஞ்சம் ஜாஸ்தின்னே வெச்சுக்குவோம், கிளாஸ் கடைசி அரை மணி நேரம் பூராவும் சில நிமிஷத்துல முடியற பிளிட்ஸு, நாலு பேரு ரெண்டு ஜோடியா சேர்ந்து, வெட்டின காயின கூட்டாளிக்குக் குடுத்து ஆடற டேன்டம்னு வெச்சா யாருக்கு அது திருவிழா, யாரு ஓரமா நிப்பா? டேன்டத்துக்கு ஜோடி சேர்க்கும்போது என் பொண்ணு பேரு எப்பவும் கடைசி. நல்லா ஆடலன்னு இல்ல, ரேட்டிங் வந்த நாலு பேர்ல அவ ஒருத்தி. வெட்டின காயின "குடுறா குடுறா"ன்னு கத்தி வாங்கணும்ல, பொண்ணு கிட்ட அப்படிக் கத்த அவங்களுக்கு கூச்சம், கத்தறதுக்கு இவளுக்கும் கூச்சம்.

நடுவுல மூணு மாசம் ஒரு காலேஜ் அக்கா புதன்கிழமை கிளாஸ் எடுத்தாங்க, 1900 ரேட்டிங். அந்த அக்கா பிளிட்ஸ நிறுத்திட்டு ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சு ஒரே பொசிஷன் மேல விவாதம் பண்ண விட்டாங்க. பையங்களும் நல்லாத்தான் உக்காந்தாங்க, சத்தம்தான் குறைஞ்சுது. கீழ் வீட்டுப் பொண்ணு ஒருத்தி சும்மா வேடிக்கை பாக்க மேல ஏறி வந்தவ மூணு வாரம் தொடர்ந்து வந்தா. அப்புறம் அந்த அக்காவுக்கு வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டாங்க, கீழ் வீட்டுப் பொண்ணும் மேல வர்றத நிறுத்திட்டா.

ஸ்பெஷல் பரிசு விஷயம் ஒன்னு சொல்லணும். பிள்ளைங்க டோர்னமென்ட்ல பொண்ணுங்களுக்குத் தனி கோப்பை வெப்பாங்க. போன வருஷம் ஒன்னுல என் பொண்ணு ஏழுக்கு மூணு பாயின்ட், "சிறந்த வீராங்கனை" ரெண்டாவது பரிசு, ஏன்னா மொத்தமே ஆறு பொண்ணுங்க. பையன் நாலு பாயின்ட் எடுத்து வெறுங்கையோட வந்தான், கார்ல வீடு வர்ற வரைக்கும் அழுகை. கோப்பைய நான் டிவி ஸ்டாண்டுல வெச்சேன், மறுநாள் காலைல காணோம், தேடிப் பார்த்தா செருப்பு ஷெல்ஃப்ல கடைசித் தட்டுல, ஸ்கூல் ஷூவுக்குப் பின்னாடி. "அது சும்மா குடுத்ததும்மா"ன்னா. பெரியவங்க லெவல்லயும் இதே மாதிரிதான், பெண்களுக்குன்னு இருக்கற கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங்னு பார்த்தா 2300 போதும், பொதுப் பட்டத்துக்கு 2500. ஹங்கேரி நாட்டு ஜூடித் போல்கர் பெண்கள் உலக சாம்பியன் பட்டத்துக்கு ஆடவே போகல, பதினஞ்சு வயசுல பொது கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையே வாங்கி, உலகத்துல எட்டாவது இடம் வரைக்கும் போனாங்க. அப்ப தனிப் பரிச எடுத்துடலாமான்னா எனக்கு மனசு வரல, அந்த ஆறு பொண்ணுங்கள்ல மூணு பேரு அந்தக் கோப்பைக்காகத்தான் வந்திருப்பாங்க, அந்த மூணும் வரலன்னா என் பொண்ணுக்குப் பக்கத்துல உக்கார யாரு இருப்பா. ஷெல்ஃப்லேந்து அத எடுத்து மறுபடி வெளிய வைக்கவும் இல்ல நான், அங்கயேதான் இருக்கு.

2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்ப நேப்பியர் பாலம் பூரா கறுப்பு வெள்ளை கட்டம் போட்டிருந்தாங்களே, அதக் காட்ட கூட்டிட்டுப் போனோம். வேட்டி கட்டின குதிரை பொம்மை எங்க பார்த்தாலும் நின்னுச்சு, பேரு தம்பி. அப்ப என் பொண்ணுக்கு ஆறு வயசு. "தங்கச்சி எங்க?"ன்னு கேட்டா. நாங்க சிரிச்சுட்டோம். அந்த ஒலிம்பியாட்லதான் ஹரிகா ஒன்பது மாச வயித்தோட உக்காந்து ஆடி இந்தியப் பெண்கள் டீம் வெண்கலம் வாங்கினாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு புடாபெஸ்ட்ல ரெண்டு டீமும் தங்கம். எங்க தெருவுல வெடி போட்டது என்னவோ குகேஷ் உலக சாம்பியன் ஆனதுக்குத்தான், அதுக்குப் போடாம எதுக்குப் போடறது, போடட்டும். அடுத்த மாசமே கிளாஸ்ல எட்டு புது அட்மிஷன். எட்டும் பையங்க. இடம் பத்தலன்னு அவங்களுக்கு ஒரு தனி பேட்சே போட்டாரு.

மாஸ்டர் கிட்ட இதெல்லாம் நேர்ல சொன்னேனான்னு கேப்பீங்க. சொன்னேன். தாழ்ப்பாள் அந்த வாரமே போட்டுட்டாரு, பித்தளைத் தாழ்ப்பாள், உள்ள ஒரு லைட்டும். "எனக்குத் தோணவே இல்ல மேடம், யாரும் சொல்லல"ன்னாரு, நெஜமாத்தான் சொன்னாரு, முகத்துலயே தெரிஞ்சுது. டைம் மாத்தறது மட்டும் முடியாதுன்னுட்டாரு, அவரும் பகல்ல ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கறவரு, அதையும் புரிஞ்சுக்க முடியுது. சனி ஞாயிறு காலைல பொண்ணுங்களுக்குன்னு ஒரு பேட்ச் போடலாமான்னு கேட்டேன், நாலு பேரு சேர்த்துட்டு வாங்க போடறேன்னாரு. பொண்ணுங்க மட்டும் தனியான்னா எனக்கே அரை மனசுதான், டோர்னமென்ட்ல எதிர்ல உக்காரப் போறது பையன்தானே, அவனோட பழகாம எப்படி. இருந்தாலும் தொடங்கற ஒரு வருஷம் கூட நாலு பேரு இருந்தா அப்புறம் அவளே சமாளிச்சுப்பா.

ஸ்டார் கணக்குன்னா சொல்லிக்குடுக்கறதுக்கு நாலரை, இடத்துக்கு ரெண்டு, தாழ்ப்பாளுக்கு அப்புறம் ரெண்டரை. கூகுள்ல நாலு போட்டேன். டூ வீலர் தெருவுல நிறுத்திக்கலாம், காருக்கு இடம் கிடையாது, மழை பெய்ஞ்சா ஷீட் சத்தத்துல மாஸ்டர் பேசறது கேக்காது, அன்னிக்கு பிராக்டீஸ் கேம் மட்டும்தான். மாசக் கடைசியில ஃபீஸுக்கு நச்சரிக்க மாட்டாரு. டிரையல் கிளாஸ் ரெண்டு ஃப்ரீ.

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் எட்டுலேந்து பதிமூணு வயசுக்குள்ள பொண்ணு இருக்கறவங்க, ஆட்டம் கொஞ்சம் தெரிஞ்சிருந்தா போதும், எனக்கு மெசேஜ் பண்ணுங்க. கீழ் வீட்டம்மா சரின்னுட்டாங்க, கிளாக்க உடைச்ச பொண்ணும் வர்றா. இன்னும் ஒருத்தி வேணும்.